பூனைக்கும் ஒரு பாலிசியா?

பூண்டு விற்ற தொகையைக் கணக்கில் செலுத்த வந்த வட்டவடைப் பகுதி வாடிக்கையாளர் ஒருவர், ரசீதைப் பெற்றுக்கொண்ட பின்னும் நகராமல் நின்றார். கொச்சியில் வேலை பார்க்கும் அவருடைய மகன், விடுமுறைக்கு வந்தபோது பெர்சியன் இனப் பூனைக்குட்டி ஒன்றைக் கொண்டுவந்து வீட்டில் விட்டுச் சென்றிருக்கிறார். இப்போது கைப்பேசியில் ஒரு காப்பீட்டு விளம்பரத்தையும் அனுப்பியிருக்கிறார். “சார், மாட்டுக்கு எடுக்கிற மாதிரி பூனைக்கும் இன்சூரன்ஸ் இருக்காமே? பையன் எடுக்கச் சொல்றான். எடுக்கலாமா?” என்று அந்த அம்மையார் கேட்டபோது வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள்.

சிரிக்கத்தக்க கேள்வியன்று அது. ஓர் உயிரை வீட்டுக்குள் ஏற்றுக்கொண்டவர், அதனால் வரக்கூடிய செலவை முன்கூட்டியே எண்ணிப் பார்க்கிறார். அப்படி எண்ணிப் பார்க்காமல் வாங்கப்படும் பாலிசிகளே நம் நாட்டில் அதிகம். ஆயினும் அவருக்கு நான் சொன்ன விடை, “இந்தப் பூனைக்கு, இந்த ஊரில், இப்போது வேண்டாம்” என்பதுதான். காப்பீட்டு நிறுவனங்களின் முகவராகவும் செயல்படும் ஒரு வங்கியின் அலுவலர் இவ்வாறு சொல்லலாமா என்று சிலர் நினைக்கக்கூடும். சொல்லலாம் என்பது மட்டுமல்ல, சொல்ல வேண்டும் என்பதே என் கருத்து. அதற்கான காரணங்களை இங்கே விரித்துரைக்கிறேன்.

வளர்ப்பு விலங்குக் காப்பீடு புதுமையான ஒன்றல்ல. சுவீடனில் 1890ஆம் ஆண்டிலேயே குதிரைகளுக்கும் கால்நடைகளுக்கும் காப்பீடு தொடங்கிவிட்டது. 1924இல் அங்கு முதல் நாய்க்குப் பாலிசி வழங்கப்பட்டது. அமெரிக்காவில் 1982இல் முதல் பாலிசியைப் பெற்றது, ‘லாஸி’ தொலைக்காட்சித் தொடரில் நடித்த நாய். நம் நாட்டில் பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனங்கள் நாய்களுக்கான பாலிசியை நெடுங்காலமாகவே வைத்திருக்கின்றன. தனியார் நிறுவனங்கள் கடந்த சில ஆண்டுகளில் இத்துறையில் முனைப்புடன் இறங்கியுள்ளன. பூனைகளுக்கான பாலிசி அதற்கும் பிறகு வந்தது. இன்றும் அதை வழங்கும் நிறுவனங்கள் சிலவே. ஆகவே, பூனைக்குக் காப்பீடு கிடைக்குமா என்றால் கிடைக்கும். அது தேவையா என்பதுதான் கேள்வி.

காப்பீடு என்பது நம்மால் தாங்க முடியாத இழப்பைப் பலருடன் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு. தாங்கக்கூடிய இழப்புக்குப் பிரீமியம் கட்டினால், நம்முடைய சேமிப்பையே நிறுவனத்தின் நிர்வாகச் செலவையும் லாபத்தையும் கழித்துக்கொண்டு திரும்பப் பெறுகிறோம். இதை மனத்தில் இருத்தி வட்டவடையின் ஒரு வீட்டைப் பார்ப்போம். மலைச்சரிவில் படிப்படியாக வெட்டிய நிலத்தில் பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ் விளைகின்றன. கொட்டிலில் ஓரிரு கறவை மாடுகள் நிற்கின்றன. இப்போது அடுப்படியில் ஒரு பூனையும் வந்து சேர்ந்திருக்கிறது. இவற்றுள் எதை இழந்தால் அந்த வீடு தள்ளாடும்?

மாட்டை இழந்தால் தள்ளாடும். மூணாறிலிருந்து வட்டவடைக்குச் செல்லும் வழியிலுள்ள மாட்டுப்பட்டியில்தான் 1963இல் இந்திய–சுவிஸ் கூட்டுத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் பிரவுன் சுவிஸ் இனத்தையும் உள்ளூர் மாடுகளையும் கலந்து ‘சுனந்தினி’ என்னும் கலப்பினம் உருவானது அங்குதான். மலைநாட்டு வீடுகளில் பால் விற்பனை ஒரு நிலையான வருவாயாக மாறியதில் அந்தத் திட்டத்திற்குப் பெரும் பங்குண்டு. பூண்டின் விலை வடுகபட்டிச் சந்தையில் ஏறும், இறங்கும். பால் பணமோ குறைவாயினும் தவறாமல் வரும். அந்தப் பணத்தில்தான் மளிகைக் கடைக் கணக்கு தீர்கிறது, கடன் தவணையும் கட்டப்படுகிறது.

எனவே கணக்கை எழுதிப் பார்ப்போம். 70,000 ரூபாய் மதிப்புள்ள ஒரு கறவை மாட்டுக்கு ஆண்டுப் பிரீமியம் 3 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அது 2,100 ரூபாய். தேசியக் கால்நடை இயக்கத்தின் கீழ் விவசாயி செலுத்த வேண்டிய பங்கை 15 சதவீதமாகக் குறைக்க மத்திய அமைச்சரவை 2024 பிப்ரவரியில் ஒப்புதல் அளித்தது. மீதியை மத்திய, மாநில அரசுகள் பகிர்ந்துகொள்கின்றன. அந்த மானியம் கிடைக்குமானால் விவசாயி செலுத்துவது 315 ரூபாய். பூனைக்கான பிரீமியம் ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்று எடுத்துக்காட்டுக்குக் கொள்வோம். இனம், வயது, காப்புத் தொகை ஆகியவற்றுக்கேற்ப இது கூடும், குறையும். அதற்கு மானியம் எதுவும் இல்லை. வீட்டின் வருவாயில் பெரும் பங்கைத் தரும் மாட்டுக்கு 315 ரூபாய். பூனைக்கு அதைப்போல் ஏறத்தாழ எட்டு மடங்கு. பூனைக்குப் பாலிசி எடுத்துவிட்டு, மாட்டுக்கு எடுத்த பாலிசியைப் புதுப்பிக்க மறந்துபோன ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். எடுத்துக்காட்டுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. கடன் தீர்ந்ததும் மாட்டுக் காப்பீட்டை விட்டுவிடும் வழக்கம் மலைப்பகுதிகளில் பரவலாக உண்டு. வங்கி கேட்பதால் எடுத்தது, வங்கி கேட்காததால் விட்டது என்பார்கள். மாடு கடன் தவணையைப் பார்த்துக்கொண்டா நோயில் விழுகிறது?

2022ஆம் ஆண்டு அக்டோபரில் மூணாறை அடுத்த நயமக்காடு எஸ்டேட்டில் ஒரு புலி சில நாள்களுக்குள் பத்து மாடுகளைக் கொன்றது. கண்ணில் புரை விழுந்திருந்த அந்தப் புலியை வனத்துறையினர் கூண்டு வைத்துப் பிடித்தார்கள். தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் மாடுகள் அவை. காட்டு விலங்குகளால் ஏற்படும் இழப்புக்கு அரசு இழப்பீடு உண்டு என்றாலும், அதற்கான விண்ணப்பமும் விசாரணையும் முடியும்வரை பால் பணம் காத்திருப்பதில்லை. பாம்பாடும் சோலை தேசியப் பூங்காவைக் கடந்தே வட்டவடைக்குள் நுழைய வேண்டும். காட்டை ஒட்டிய இத்தகைய ஊர்களில் கால்நடைக் காப்பீட்டை யாரும் ஆடம்பரமாகக் கருத முடியாது. ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். மாட்டின் காதில் உள்ள வில்லைதான் பாலிசிக்கு ஆதாரம். வில்லை இல்லையேல் இழப்பீடும் இல்லை என்பது இத்துறையில் எழுதப்பட்ட விதி. வில்லை அறுந்து விழுந்தால் உடனே கால்நடை மருத்துவரிடம் சொல்லி மாற்று வில்லை பொருத்தி, புதிய எண்ணை நிறுவனத்திற்கு எழுத்து மூலம் தெரிவித்துவிட வேண்டும்.

இனிப் பூனைக்கு வருவோம். செல்லமாக வளர்க்கும் உயிரை மாட்டோடு ஒப்பிட்டு விலை பேசுவது இரக்கமற்றதாகத் தோன்றலாம். ஆனால் பிரீமியம் கட்டுவது அன்பின் அடையாளமும் அல்ல. விளம்பரங்கள் அப்படித்தான் நம்மை நம்பச் சொல்கின்றன. பாலிசி ஆவணத்தின் சிறிய எழுத்துகளில் அன்புக்கு இடமில்லை, விலக்குகளுக்கே இடமுண்டு.

அந்த விலக்குகள் பொதுவாக எவை? தடுப்பூசி, குடற்புழு நீக்கம், கருத்தடை அறுவை போன்ற வழக்கமான செலவுகள் பெரும்பாலும் சேரா. பாலிசி எடுப்பதற்கு முன்பே இருந்த நோய்கள் சேரா. தடுப்பூசியால் தவிர்த்திருக்கக்கூடிய நோய், ஊசி போடாததால் வந்தது என்றால் அதுவும் சேராது. பாலிசி தொடங்கியவுடன் வரும் நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. பல பாலிசிகளில் பரம்பரை நோய்களுக்கும் இடமில்லை. பெர்சியன் இனத்தைப் பொறுத்தவரை இது சிறிய செய்தியன்று. சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் உருவாகும் பரம்பரை நோய் இந்த இனத்தில் நன்கு அறியப்பட்ட ஒன்று. தட்டையான முகத்தால் மூச்சுத் திணறலும், கண்ணில் ஓயாத நீர்வடிதலும் ஏற்படுகின்றன. அதாவது, இந்தப் பூனைக்கு எந்த நோய் வருமென்று அஞ்ச வேண்டுமோ, அதே நோய் விலக்குப் பட்டியலில் இருக்கக்கூடும்.

அடுத்தது தொலைவு. மூணாறிலிருந்து வட்டவடைக்கு ஏறத்தாழ 45 கிலோமீட்டர் மலைப்பாதை. அரசுக் கால்நடை மருத்துவரின் உதவி கிடைக்கிறது. ஆனால் ஊடுகதிர்ப் படம், இரத்தப் பரிசோதனை, அறுவைக்கூடம் எல்லாம் கொண்ட செல்லப்பிராணி மருத்துவமனைக்கு மலையிறங்கிக் கொச்சிக்கோ மதுரைக்கோ கோவைக்கோதான் செல்ல வேண்டும். தேனியில் 2020இல் தொடங்கப்பட்ட அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியும் உண்டு. நோயுற்ற பூனையை அவ்வளவு தூரம் கொண்டுசெல்ல முதல் செலவு வண்டி வாடகை. பாலிசி பெரும்பாலும் வண்டி வாடகையைத் தராது. மருத்துவமனையில் தங்கிய நாள்களுக்கும் அறுவைக்கும்தான் தரும். பூனை மருத்துவமனையைச் சென்றடையவே முடியாத இடத்தில், மருத்துவமனைச் செலவுக்கான பாலிசியால் என்ன பயன்? அண்டைவீட்டுக் கூரையிலும் தோட்டத்திலும் சுற்றித் திரியும் பூனைக்கு அடையாளம் காட்டுவதும் எளிதன்று. அரிசிமணி அளவிலான மின்னணுச் சில்லைத் தோலுக்கடியில் பொருத்தும் முறை உண்டு. மலைக்கிராமத்தில் அதைச் செய்துகொண்டவர்கள் எத்தனை பேர்?

இதே பூனை கொச்சியில், மகனுடைய அடுக்குமாடிக் குடியிருப்பிலேயே இருந்திருந்தால் என் விடை மாறியிருக்கும். அங்கு மருத்துவமனை பத்து நிமிடத் தொலைவில் இருக்கிறது. ஆண் பூனைகளுக்கு வரும் சிறுநீர் அடைப்பு போன்ற அவசர நிலையில் ஒரே நாளில் சேர்த்துவிடலாம். ஒரு முறை சேர்த்தால் பில் ஆயிரங்களில் வரும். தனியாக வாழும் இளம் ஊழியருக்கு, மாதக் கடைசியில் அத்தொகை பெரிதாகவே இருக்கும். அவருக்குப் பிரீமியம் ஒரு நியாயமான செலவு. மகன் தன் ஊரின் கண்ணாடியால் தாயின் ஊரைப் பார்த்திருக்கிறார். விளம்பரம் அனுப்பியதில் தவறில்லை. கேட்ட தாயிடமும் தவறில்லை. பாலிசி ஒன்றுதான் என்றாலும் கொச்சியில் அதற்குள்ள பயன் வட்டவடையில் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வளர்ப்பு விலங்குக் காப்பீடு பரவலாக உள்ள பிரிட்டனில், கால்நடை மருத்துவக் கட்டணங்கள் குறித்து எழுந்த புகார்களையடுத்து அந்நாட்டின் போட்டி மற்றும் சந்தை ஆணையம் 2024 மே மாதத்தில் முறையான விசாரணையைத் தொடங்கியது. கட்டணம் உயர்ந்ததற்குக் காப்பீடுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பில்லை வேறொருவர் கட்டுவார் என்றால் நோயாளியும் மருத்துவரும் விலை கேட்க மறப்பது மனித இயல்பு. நம் மருத்துவமனைகளிலேயே இதைப் பார்த்திருக்கிறோம்.

பாலிசி வேண்டாமென்றால் மாற்று என்ன? மாதம் 250 ரூபாய் வீதம் ஒரு தொடர் வைப்புக் கணக்கு. ஐந்து ஆண்டுகளில் கட்டிய தொகை 15,000 ரூபாய். வட்டி 6.5 சதவீதம் என்று கொண்டால் முதிர்வுத் தொகை ஏறத்தாழ 17,700 ரூபாய். பூனை நலமாக இருந்தால் பணம் முழுவதும் நம்முடையது. நோயுற்றால் எந்த நோய், எந்த மருத்துவர், எந்த விலக்கு என்று யாரும் கேட்கப்போவதில்லை. வண்டி வாடகைக்கும் எடுக்கலாம்.

“மூன்றாம் மாதத்திலேயே நோய் வந்தால்? அப்போது கணக்கில் 750 ரூபாய்தானே இருக்கும்?” என்று ஓர் இளம் சக ஊழியர் என்னை மடக்கினார். சரியான மறுப்பு. தொடர் வைப்பு முதல் ஆண்டில் பாதுகாப்புத் தராது. பாலிசியோ காத்திருப்புக் காலம் முடிந்ததும் முழுக் காப்பையும் தரும். இந்த ஒரு நன்மையை மறுக்க முடியாது. அதற்கு என்னிடம் உள்ள பதில், அந்த இழப்பு பத்துப் பதினைந்தாயிரம் ரூபாய்க்குள் அடங்கும் என்பதும், பூண்டு அறுவடை செய்யும் ஒரு வீடு சிரமத்தோடு அதைத் தாங்கிவிடும் என்பதும்தான். எவ்வளவு வரை செலவிடுவோம் என்று குடும்பத்தினர் முன்கூட்டியே பேசி வைப்பதும் நல்லது. மனம் கசிந்திருக்கும் இரவில், மருத்துவமனை வாசலில் எடுக்கும் முடிவுகள் நகைக்கடனில் முடிவதுண்டு. மாட்டுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. எழுபதாயிரம் ரூபாயைத் தொடர் வைப்பில் சேர்க்கப் பல ஆண்டுகள் ஆகும்.

பூனைக்கென்று ஒதுக்கும் பணம் முதலில் செல்ல வேண்டிய இடம் தடுப்பூசி. இதில் நான் சற்றும் விட்டுக்கொடுக்க மாட்டேன். எட்டு வார வயதையொட்டிப் பூனைகளுக்கான கூட்டுத் தடுப்பூசி தொடங்குகிறது. குட்டிகளைக் கூட்டம் கூட்டமாகக் கொல்லும் பேன்லுகோபீனியா என்னும் நச்சுயிரி நோயை அது தடுக்கிறது. மூன்று மாத வயதையொட்டி வெறிநோய்த் தடுப்பூசி. பின்னர் மருத்துவர் சொல்லும் காலத்தில் மறு ஊசிகள். வெறிநோய் நாயால் மட்டுமே வருவது என்ற எண்ணம் ஆபத்தானது. வெறிநாயோ காட்டு விலங்கோ கடித்த பூனை வழியாகவும் அது வரும். காட்டின் ஓரத்தில் உள்ள ஊருக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அறிகுறிகள் தோன்றிய பின் அந்த நோயிலிருந்து பிழைப்பது அரிதினும் அரிது. பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ, காயத்தை ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பேரக்குழந்தைகள் பூனையோடு விளையாடும் வீட்டில், சில நூறு ரூபாய் ஊசியைவிடப் பெரிய காப்பீடு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அதற்கடுத்தது கருத்தடை. பூனையின் கர்ப்பகாலம் ஏறத்தாழ ஒன்பது வாரங்களே. ஓராண்டுக்குள் ஒரு பெண் பூனை பல குட்டிகளுக்குத் தாயாகிவிடும். குட்டிகளைச் சாக்கில் கட்டிச் சந்தையோரம் விட்டுவரும் வழக்கம் இன்னும் சில இடங்களில் உண்டு. பசியாலும் தாகத்தாலும் துன்புறும் நிலையில் விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதைப் பலர் அறியார்.

பூனையின் முறை வருவதற்கு முன் வீட்டு மனிதர்களின் முறை வர வேண்டும். பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவில் ஆண்டுக்கு 20 ரூபாய்ப் பிரீமியம். 18 முதல் 70 வயது வரையிலான கணக்குதாரர்கள் சேரலாம். விபத்து மரணத்திற்கும் முழு ஊனத்திற்கும் 2 லட்சம் ரூபாய். பாம்புக்கடியும் மரத்திலிருந்து விழுவதும் உரிய மருத்துவமனைச் சான்றுடன் இதில் அடங்கும். மலைத்தோட்டத்தில் உழைப்பவர்களுக்கு இது எவ்வளவு நெருக்கமானது என்று சொல்லத் தேவையில்லை. ஜீவன் ஜோதி பீமா யோஜனாவில் 436 ரூபாய்க்கு, எந்தக் காரணத்தால் மரணம் நேர்ந்தாலும் 2 லட்சம் ரூபாய். அதில் சேர 18 முதல் 50 வயது வரை. இரண்டும் சேர்ந்து 456 ரூபாய். பூனைப் பாலிசி பற்றிக் கேட்கும் பல வீடுகளில் இந்த இரண்டில் ஒன்றுகூட இருப்பதில்லை. இருந்தாலும், மே மாத இறுதியில் கணக்கில் போதிய இருப்பு இல்லாமல் புதுப்பிக்கப்படாமல் போயிருக்கும்.

எந்த வங்கியிலும் கடனுக்கோ வேறு சேவைக்கோ நிபந்தனையாக, வங்கி விற்கும் ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தின் பாலிசியை வாங்குமாறு யாரையும் வற்புறுத்தக் கூடாது. கடனில் வாங்கிய மாட்டுக்குக் காப்பீடு கேட்பது வேறு. அதுவும் வாடிக்கையாளர் தேர்ந்தெடுக்கும் நிறுவனத்திடம் இருக்கலாம்.

இவ்வளவுக்கும் பிறகு பூனைக்குப் பாலிசி எடுக்க விரும்புவோர் உண்டு. அவர்களுடைய விருப்பத்தை மதிக்கிறேன். பாலிசி வாசகத்தை முழுமையாக, இயன்றால் தமிழறிந்த ஒருவரின் துணையோடு படித்துப் பாருங்கள். நம் ஊர் அரசுக் கால்நடை மருத்துவரின் சான்று ஏற்கப்படுமா, வெளிநோயாளிச் சிகிச்சைக்குப் பணம் உண்டா, ஒவ்வொரு பில்லிலும் நாம் ஏற்க வேண்டிய பங்கு எவ்வளவு, இந்த இனத்தின் பரம்பரை நோய்கள் சேருமா என்பவற்றை மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் பெறுங்கள். முகவர் வாய்மொழியாகச் சொல்வதற்கு மதிப்பில்லை. இழப்பீடு மறுக்கப்பட்டாலோ, புகாருக்கு ஒரு மாதத்திற்குள் பதில் வராவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் முறையிடலாம். கட்டணம் கிடையாது. கேரளத்திற்கான அலுவலகம் எர்ணாகுளத்திலும் தமிழ்நாட்டுக்கானது சென்னையிலும் இயங்குகின்றன.

நாளும் ஒரு கணக்கில் சேரும். பெரும்பாலான நிறுவனங்கள் குறிப்பிட்ட வயதுக்கு மேல் புதிய பூனைகளைச் சேர்ப்பதில்லை. எனவே இன்று வேண்டாமென்று முடிவு செய்பவர்கள், ஆண்டுத் தடுப்பூசிக்குச் செல்லும் நாளில் அந்த வயது வரம்பையும் தொடர் வைப்பின் இருப்பையும் ஒருமுறை சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம்.